பரிசு நாளும் தாதியக் கல்வியும்: வன்னிப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கிளிநொச்சி மாவட்டத்தில் திருச்சபை தொடங்கிய ஒரு கல்லூரியின் பழைய மாணவி நான். அரச வைத்தியசாலைகளில் தாதிய உத்தியோகத்தராகவும் பின்னர் தாதியர் கல்லூரியில் கற்பிப்பவராகவும் 30 ஆண்டுகளுக்கு மேல் பணிசெய்து ஓய்வுபெற்றேன். தாதியக் கல்விக்குச் செல்லும் ஒரு மாணவருக்கென இவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவிலிருந்து புதிய நினைவுப் பரிசு ஒன்றை வழங்கப் பழைய மாணவர் சங்கம் தீர்மானித்திருக்கிறது. அதையொட்டி மாணவரும் பெற்றோரும் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு விடை தரும்படி அதிபர் கேட்டுக்கொண்டார். பெயர்களை விட்டுவிட்டுக் கேள்விகளைச் சுருக்கித் தருகிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (தரம் 11 மாணவி, பரந்தன்): மிஸ், எனக்குத் தாதியாக வர விருப்பம். உயர்தரத்தில் எந்தப் பிரிவை எடுக்க வேண்டும்? கலைப்பிரிவில் படித்துவிட்டும் போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

பதில்: மகள், உயிரியல் விஞ்ஞானப் பிரிவை எடுங்கள். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் படித்துச் சித்தியடைந்தால் பல்கலைக்கழகத் தாதியப் பட்டம், அரச தாதியர் கல்லூரி ஆகிய இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். கலைப்பிரிவை எடுத்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று இருந்த பிள்ளைகள் பலர் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் இல்லையென்றால், விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி தரப் பாடசாலை எது, அதற்குப் பஸ் எத்தனை மணிக்கு, விடுதி உண்டா என்பவற்றைச் சாதாரண தரப் பெறுபேறு வரும் முன்னரே விசாரித்து வையுங்கள். சாதாரண தர ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றின் பெறுபேற்றையும் பின்னர் கேட்பார்கள். ஆகவே இந்த மூன்றையும் ‘பாஸ் பண்ணினால் போதும்’ என்று விட வேண்டாம்.

கேள்வி (ஒரு தாய், வவுனியா): மகளுக்கு மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் தாதியத்துக்காவது விடலாமா என்று யோசிக்கிறோம். பட்டம் நல்லதா, தாதியர் கல்லூரி நல்லதா?

பதில்: அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்.

பட்டப்படிப்பு 4 ஆண்டுகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகம், பேராதனை, றுகுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர, கொழும்பு ஆகிய பல்கலைக்கழகங்களில் தாதியப் பட்டம் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியின்படி இடங்களைப் பகிர்கிறது: 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்தவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் செல்கின்றன. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நான்கும் அந்த 16இல் அடங்குகின்றன. நமது பிள்ளைகள் பலர் விண்ணப்பத்தின் விருப்பத் தெரிவு வரிசையில் தாதியத்தைக் கடைசியில் போடுகிறார்கள் அல்லது போடாமலே விடுகிறார்கள். வெட்டுப்புள்ளி வெளியான பிறகு, அது தமக்குக் கிடைத்திருக்கும் என்று அறிந்து வருந்துகிறார்கள். ஆணைக்குழுவின் கைநூல் ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும். அதில் தாதியத்துக்கான பக்கத்தை மகளோடு சேர்ந்து நீங்களும் வாசியுங்கள்.

தாதியர் கல்லூரிப் பயிற்சி 3 ஆண்டுகள். இதற்குச் சுகாதார அமைச்சு அரச வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும். வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களில் அரச தாதியர் கல்லூரிகள் இருக்கின்றன. பயிற்சிக் காலத்தில் மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்கும். பயிற்சி முடிந்ததும் அரச வைத்தியசாலையில் நியமனம் கிடைப்பது வழக்கம். கையில் காசில்லாத குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். இப்பயிற்சியின் டிப்ளோமாவோடு வேலைக்குச் சேர்ந்தவர் படிப்பைத் தொடரவும் வழியுண்டு: திறந்த பல்கலைக்கழகம் 1994ஆம் ஆண்டிலிருந்து, பதிவுபெற்ற தாதியருக்கான பட்டப்படிப்பை நடத்துகிறது. அதன் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. எனது மாணவியர் பலர் வார்டில் இரவு வேலை முடித்து, ஏ9 வீதியில் பஸ்ஸில் நித்திரை கொண்டபடியே வகுப்புக்குப் போய்ப் பட்டதாரிகளானார்கள். எனவே வீட்டு நிலைமை இடம் தந்தால் பட்டப்படிப்பு. உடனே உழைக்க வேண்டுமென்றால் தாதியர் கல்லூரி, அதன்பின் பட்டம். இரண்டிலும் குறைவு ஒன்றுமில்லை.

‘தாதியத்துக்காவது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். வயலில் கண்ணாடி விரியன் கடித்த ஒருவரை இரவு 9 மணிக்கு வைத்தியசாலை விடுதிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். அவரிடமிருந்து எடுத்த சிறிதளவு இரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடங்கள் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு குழாயை மெல்லச் சரித்துப் பார்க்கும்போது இரத்தம் உறையாமல் நீராக ஓடினால், நஞ்சு இரத்தத்தில் வேலைசெய்கிறது என்று அறியலாம். 15ஆவது நிமிடத்தில் யாராவது அக்குழாயைத் தட்டிவிட்டால் அந்தச் சோதனையை நம்ப முடியாது. நஞ்சுமுறி மருந்து ஏற்றத் தொடங்கியதும் உடம்பில் தடிப்பு எழும்புகிறதா, குரல் மாறுகிறதா, இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று கட்டிலருகில் நின்று பார்ப்பவர் தாதி. மருத்துவர் அடுத்த நோயாளியிடம் போயிருப்பார்; அவரை எப்போது கூப்பிட வேண்டும் என்று முடிவெடுப்பதும் தாதியே. இதற்கு வேண்டிய அறிவும் பொறுமையும் தனியானவை. மருத்துவத்துக்குத் தவறிய பிள்ளையிடம் அவை தாமாக இருந்துவிடா. மருத்துவம் கிடைத்த பிள்ளையிடமும் இல்லாமல் போகலாம். மகளுக்கு விருப்பமா என்று கேளுங்கள். விருப்பமென்றால் ‘தாதியத்துக்கு விடுகிறோம்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை, முல்லைத்தீவு): நான் கடற்தொழில் செய்பவன். மூன்று பிள்ளைகள். படிப்பிக்க எங்கிருந்து உதவி கிடைக்கும்?

பதில்: ஐயா, உயர்தரம் படிக்கும் காலத்துக்கு ஜனாதிபதி நிதியத்தின் புலமைப்பரிசில் இருக்கிறது, குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உரியது. இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழங்கும் மகாத்மா காந்தி புலமைப்பரிசிலும் உயர்தர மாணவருக்கு உண்டு. பல்கலைக்கழகம் போனதும் மகாபொலப் புலமைப்பரிசிலுக்கு அல்லது பல்கலைக்கழக நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் மகாபொலவை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்த முன்மொழிந்தது. தாதியர் கல்லூரியானால் நான் முன்பு சொன்ன மாதாந்தக் கொடுப்பனவு இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கடதாசிதான் முதலில் வேண்டும்: கிராம அலுவலர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வருமானச் சான்றிதழ். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இரண்டு நாள் முன்னர் கச்சேரிக்கு ஓடுவதை விட்டு, பெறுபேறு வந்த வாரமே எடுத்து வையுங்கள். பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்றையும் திறந்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பாடசாலை இடாப்பிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்து, பின்னர் பிரதி எடுத்த குடும்பங்களில் ஓர் எழுத்து மாறி, ஒரு பிள்ளையின் உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகாபொல முதல் நாளே கைக்கு வருவதில்லை. விண்ணப்பம், பரிசீலனை, பட்டியல் என்று மாதங்கள் போகும். பிள்ளை திண்டாடுவது அந்த முதல் சில மாதங்களில்தான்: விடுதிக் கட்டணம், சீருடை, சப்பாத்து, புத்தகப் பிரதி, யாழ்ப்பாணம் போய்வரும் பஸ் காசு. எமது புதிய நினைவுப் பரிசை மேடையில் கேடயமாக மட்டும் கொடுக்காமல், பிள்ளை படிப்புக்குப் பதிவுசெய்யும் மாதத்தில் பணமாகவும் கொடுக்க வேண்டும் என்று சங்கத்திடம் கேட்டிருக்கிறேன்.

கேள்வி (உயர்தர மாணவி, கிளிநொச்சி): ஆங்கிலத்தில் படிக்க வேண்டுமென்று சொல்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் வராது. தமிழில் தாதியம் படிக்க முடியாதா?

பதில்: தாதியர் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பயிற்று மொழி ஆங்கிலம். ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானது. இதே மண்ணுக்கு வடக்கே மானிப்பாயில் ஒருவர் அதைக் கேட்டு விடையும் கண்டார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். பின்னர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, இரசாயனம், சத்திர சிகிச்சை ஆகியவற்றின் பாடநூல்களைத் தமிழாக்கி, கலைச்சொற்களையும் ஆக்கினார். அந்தத் தமிழ் வழி மருத்துவக் கல்வி அவருக்குப்பின் நிலைக்கவில்லை. ஆனால் தமிழால் முடியும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டப்பட்டுவிட்டது. ஆங்கிலம் வராததால் உங்களுக்கு அறிவு குறைவு என்று ஒருபோதும் எண்ண வேண்டாம்.

இன்றைய நடைமுறைக்கு, உயர்தரம் முடிந்து அடுத்த படிப்புத் தொடங்கும் வரை கிடைக்கும் நீண்ட இடைவெளியை ஆங்கிலத்துக்குக் கொடுங்கள். கதைப்பதைவிட வாசிப்பதை முதலில் பழகுங்கள். உங்களிடமுள்ள உயர்தர உயிரியல் தமிழ்ப் புத்தகத்தையும் அதே பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாளுக்கு ஒரு பக்கம் ஒப்பிட்டு வாசித்தால், ஆறு மாதத்தில் முதலாண்டு விரிவுரை உங்களுக்குப் புரியத் தொடங்கும். என் வகுப்பில் இப்படிப் படித்துவந்த பிள்ளைகளை முதல் வாரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வேன்.

உங்கள் தமிழையும் கைவிடாதீர்கள். வார்டில் ஒரு வயோதிபர் ‘நெஞ்சு உளையுது’ என்பார்; இன்னொருவர் ‘கொழுவிப் பிடிச்ச மாதிரி இருக்கு’ என்பார்; ஒரு தாய் ‘வயிறு குத்தி வலிக்கேல்லை, கடுக்குது’ என்பார். குத்து, கடுப்பு, உளைவு, எரிவு, விறைப்பு ஆகியவை ஒவ்வொன்றும் வேறு நோவு. அவற்றின் வேறுபாட்டை அறியாமல் எல்லாவற்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் பதிவேட்டில் எழுதினால், மருத்துவருக்குத் தவறான தகவல் போகும். நமது கிராமத்துப் பேச்சைப் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் பெரிய அனுகூலம் இருக்கிறது.

கேள்வி (ஓர் ஆசிரியர், எமது கல்லூரி): புதிய நினைவுப் பரிசை உயிரியலில் கூடிய புள்ளி எடுத்தவருக்குக் கொடுப்பதா, வேறு அளவுகோல் வைப்பதா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம்.

பதில்: ஆசிரியர் அவர்களே, உயிரியலுக்கு ஏற்கெனவே ஒரு பரிசு இருக்கிறது. அதே பிள்ளை மேடைக்கு இரண்டாம் முறை ஏறுவதால் தாதியத்துக்கு எதுவும் கிடைக்காது. சித்தியும் அனுமதியும் பெற்றிருப்பது அடிப்படைத் தகுதியாக இருக்கட்டும். அதற்குமேல் பராமரிப்பில் காட்டிய உண்மையான அக்கறையைப் பாருங்கள். பாரிசவாதம் வந்து படுக்கையிலிருக்கும் அம்மம்மாவைப் பள்ளிக்கு வரும் முன்னர் திருப்பிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, புண் வராமல் பார்த்துவிட்டு வரும் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கிறாள். அவள் ஏன் அடிக்கடி பிந்தி வருகிறாள் என்று விசாரித்தவர் சிலராகவே இருப்பர்.

உலகில் தாதியருக்கு வழங்கப்படும் மிக உயர்ந்த கௌரவங்களில் ஒன்று புளோரன்ஸ் நைட்டிங்கேல் பதக்கம். சர்வதேச செஞ்சிலுவைக் குழு வழங்கும் இப்பதக்கம் 1912இல் நிறுவப்பட்டு, 1920இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. போரிலும் பேரிடரிலும் காயப்பட்டவருக்கும் நோயுற்றவருக்கும் காட்டிய அசாதாரணத் துணிவும் ஈடுபாடும் அதன் முதன்மை அளவுகோல். பரீட்சைப் புள்ளியை அதற்குக் கேட்பதில்லை. 2009இன் தொடக்க மாதங்களில் புதுமாத்தளனில் ஒரு பாடசாலைக் கட்டடமே வைத்தியசாலையாக இயங்கியது. நிலத்தில் விரித்த பாய்களுக்கிடையே முழந்தாளில் நகர்ந்து காயங்களுக்கு மருந்து கட்டிய தாதியரையும் தொண்டர்களையும் நமது ஊர் அறியும். அவர்களுக்கு எந்த மேடையும் கிடைக்கவில்லை. அவர்கள் வேலைசெய்த மண்ணில் தாதியத்துக்கென ஒரு பரிசு வைக்கும்போது, அதை வெறும் புள்ளிக்குக் கொடுப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஊரிலுள்ள குடும்பநல மருத்துவமாது, வகுப்பாசிரியர், பங்குத்தந்தை அல்லது போதகர், கோயில் தர்மகர்த்தா என யாராவது இருவரிடமிருந்து பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். பிள்ளையிடமும் ஒரு பக்கம் தமிழில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி (தரம் 12 மாணவி, விசுவமடு): நான் சைவப் பிள்ளை. கிறிஸ்தவக் கல்லூரியின் பரிசுக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக. எமது கல்லூரியின் இந்தப் பரிசுக்குச் சமயம் ஒரு நிபந்தனையன்று. வேறு நிறுவனங்களின் பரிசுகளில் சில, குறிப்பிட்ட திருச்சபையின் அங்கத்தவருக்கு மட்டும் உரியவையாக இருக்கும். அப்படியானால் அறிவித்தலிலேயே எழுதியிருப்பார்கள்.

கேள்வி (தரம் 13 மாணவன், மல்லாவி): ஆண் பிள்ளை தாதியத்துக்குப் போனால் ஊரில் சிரிப்பார்கள் என்று அப்பா சொல்கிறார்.

பதில்: தம்பி, மாங்குளத்திலோ கிளிநொச்சியிலோ வைத்தியசாலை விடுதிக்கு அப்பாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். முள்ளந்தண்டு காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒரு வளர்ந்த ஆணைத் தூக்கி நாற்காலியில் இருத்துவதையும், அவருக்குச் சிறுநீர்க்குழாய் போடுவதையும் அவர் பார்க்கட்டும். அந்த நோயாளி தன் கூச்சத்தை ஓர் ஆண் தாதியிடம் எவ்வளவு இலகுவாக இறக்கி வைக்கிறார் என்பதை அப்பா கண்ணால் கண்டால் போதும். பட்டப்படிப்புக்கும் தாதியர் கல்லூரிக்கும் ஆண்களும் சேர்க்கப்படுகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் வன்னிக்கு நிறைய வேண்டும்.

கேள்வி (ஒரு தாய், மாங்குளம்): கனடாவிலிருக்கும் என் தங்கையின் ஏற்பாட்டில், மகள் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரிக்குத் தாதியத்துக்கு விண்ணப்பித்தாள். அனுமதியோடு ஆண்டுக்கு 12,000 டொலர் ‘மாணவர் விருது’ தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. காணியை விற்று அனுப்பலாமா?

பதில்: அம்மா, காணி உறுதியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, கடிதத்தை என்னோடு சேர்ந்து வாசியுங்கள்.

அங்கே ‘விருது’ என்று சொல்வது நமது பரிசு நாளில் கையில் கிடைக்கும் பணம் போன்றதன்று. பெரும்பாலும் அது கல்விக் கட்டணத்தில் செய்யும் கழிவு. எடுத்துக்காட்டாக, கட்டணம் ஆண்டுக்கு 30,000 டொலர், விடுதியும் சாப்பாடும் 11,000 டொலர் என்று வைத்தால், 12,000 கழித்த பின்னும் ஆண்டுக்கு 29,000 டொலர் நீங்கள் கட்ட வேண்டும். மருத்துவக் காப்புறுதி, புத்தகம், சீருடை, விமானச் சீட்டு ஆகியவை அதற்கு வெளியே. இவ்வளவையும் 4 ஆண்டுகளால் பெருக்கிப் பாருங்கள். அமெரிக்க மத்திய அரசின் மாணவர் உதவி வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்காது. எஃப்–1 என்னும் மாணவர் விசாவில் போகும் பிள்ளை தவணைக் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை மட்டுமே வேலைசெய்யலாம். தாதிய மாணவிக்கு வைத்தியசாலைப் பயிற்சியும் இருப்பதால் அந்த 20 மணித்தியாலம்கூடப் பலருக்கு வாய்ப்பதில்லை. விசாவுக்கு முன்பே முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டவும் வேண்டும்.

அடுத்து, விருது ஆண்டுதோறும் தொடருமா என்று பாருங்கள். சராசரிப் புள்ளி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அது நிற்கும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். முதலாண்டில் குளிரும் புது மொழியும் தனிமையும் சேர்ந்து புள்ளி இறங்குவது இயல்பு. அப்போது விருதும் போனால் பிள்ளை நடுவழியில் நிற்பாள்.

மூன்றாவதாக, கடிதத்தில் இருப்பது ‘தாதியம்’ என்பதா, ‘தாதியத்துக்கு முன்னான படிப்பு’ என்பதா? அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் முதல் ஓரிரு ஆண்டுகள் உடற்கூறு, நுண்ணுயிரியல், இரசாயனம் போன்ற அடிப்படைப் பாடங்களைப் படித்த பிறகே தாதியப் பிரிவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதில் இடம் கிடைக்காமலும் போகலாம். தொடக்கத்திலேயே தாதியப் பிரிவில் இடம் உறுதியா என்று மகள் எழுத்தில் கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும். அக்கல்லூரியின் தாதியப் பட்டத்துக்குச் சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் என்னும் தரச்சான்று அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் உண்டா என்பதையும் கேளுங்கள். பட்டம் முடித்தவர் அங்கு பதிவுபெற்ற தாதியாக வேலைசெய்ய, என்க்ளெக்ஸ்–ஆர்என் என்னும் உரிமப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். கனடாவும் 2015ஆம் ஆண்டிலிருந்து அதே பரீட்சையைப் பயன்படுத்துகிறது. ஆகவே அக்கல்லூரி மாணவரில் எத்தனை பேர் முதல் முயற்சியில் சித்தியடைகிறார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

கிறிஸ்தவக் கல்லூரி என்பதால் வாராந்த ஆராதனைக்குச் செல்வதும், நடத்தை விதிகளுக்கு ஒப்பமிடுவதும் கட்டாயமாக இருக்கலாம். சில இடங்களில் விசுவாச அறிக்கைக்கும் ஒப்பம் கேட்பார்கள். அவற்றை மகள் முழுதாக வாசித்து, மனமொப்பினால் மட்டும் ஒப்பமிட வேண்டும்.

இத்தனைக்கும் திருப்தியான விடை வந்து, காணியை விற்காமலே உங்கள் தங்கையால் 4 ஆண்டுச் செலவையும் தாங்க முடியுமென்றால் அனுப்புங்கள். இல்லையென்றால், இங்கே படித்துப் பதிவுபெற்று, இரண்டு மூன்று ஆண்டு அனுபவத்தோடு அதே பரீட்சையை எழுதி அங்கு போகும் வழியும் இருக்கிறது. அந்த வழியில் போன என் மாணவியர் வீட்டுக்குக் கடன் வைக்கவில்லை.

கேள்வி (உயர்தர மாணவி, மன்னார்): வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாதியம் படிப்பது என் கனவு.

பதில்: நல்ல கனவு. அந்தக் கல்லூரியை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் அங்கு தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அது பட்டப்படிப்பாக வளர்ந்தது. இந்தியாவில் தாதியப் பட்டம் முதன்முதலில் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. ஐடாவின் பாட்டனார் ஜோன் ஸ்கடர் இந்தியாவுக்குப் போகும் முன்னர், 1820ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவ ஊழியம் செய்தவர். அந்தக் குடும்பத்தின் மருத்துவப் பணி நமது பக்கத்தில் தொடங்கித்தான் வேலூருக்குப் போனது என்று நினைக்கும்போது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

ஆனால் வெளிநாட்டில் எங்கு தாதியம் படித்தாலும், திரும்பி வந்து வேலைசெய்ய இலங்கைத் தாதியர் பேரவையின் பதிவு வேண்டும். விண்ணப்பிக்கும் முன்னர் பேரவைக்கு எழுதி, அந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று கேளுங்கள். வெளிநாட்டு மாணவருக்கான அனுமதி நிபந்தனையைக் கல்லூரியிடமே நேரடியாகக் கேளுங்கள். இடைத்தரகர் யாரும் வேண்டாம்.

கேள்வி (கலைப்பிரிவு மாணவி, புதுக்குடியிருப்பு): நகரத்தில் ஒரு நிறுவனம் ஆறு மாதத்தில் தாதியாகலாம் என்று விளம்பரம் செய்கிறது. சேரலாமா?

பதில்: ஆறு மாதத்தில் எவரும் தாதியாக முடியாது, பிள்ளை. தாதி என்று பதிவுசெய்யும் அதிகாரம் தாதியர் பேரவைக்கு உரியது. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி இப்படியான ஓரிடத்தில் தாயின் சங்கிலியை அடகுவைத்துப் பணம் கட்டிப் படித்தாள். கையில் கிடைத்த சான்றிதழை எந்த வைத்தியசாலையும் ஏற்கவில்லை. தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் துண்டெழுதும் வேலைதான் கிடைத்தது. சங்கிலியை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

கலைப்பிரிவில் படித்த உங்களுக்கு நேர்மையான வழி இருக்கிறது. தாதிய உதவியாளர், பராமரிப்பாளர் ஆகிய பயிற்சிகளுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., உண்டு. பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுபெற்றதா, அந்தப் பாடநெறி எந்த மட்டத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது என்ற இரண்டையும் பார்த்துவிட்டுச் சேருங்கள். இந்தச் சான்றிதழ் உங்களைத் தாதி உத்தியோகத்தர் ஆக்காது. ஆனால் முதியோரைப் பராமரிக்கும் மதிப்பான வேலையை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பெற்றுத்தரும்.

கேள்வி (தரம் 12 மாணவி, தருமபுரம்): இரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். நான் தாதியாக முடியுமா?

பதில்: முடியும். முதன்முதலாகச் சீழ்ப் புண்ணுக்கு மருந்து கட்டப் பார்த்தபோது நான் சுவரில் சாய்ந்து இருந்துவிட்டேன். காலையில் சாப்பிடாமல் போனதும், முழங்காலைப் பூட்டி நிமிர்ந்து நின்றதும் அதற்குக் காரணங்கள் என்று மூத்த தாதி சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், நிற்கும்போது காலை அசைத்துக்கொள்ளுங்கள், தலை சுற்றினால் வெட்கப்படாமல் நிலத்தில் இருங்கள். சில வாரங்களில் பழகிவிடும்.

கேள்வி (தரம் 13 மாணவி, உருத்திரபுரம்): பரிசு எனக்குக் கிடைத்தால் அந்தப் பணத்தில் முதலில் என்ன வாங்க வேண்டும்?

பதில்: விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று; விலை கூடியது வேண்டாம், முள் தெளிவாகத் தெரிந்தால் போதும். அடுத்து, விரல்களை முழுதாக மூடும், அடி வழுக்காத சப்பாத்து. மீதியைப் பஸ்ஸுக்கும் பிரதிக்கும் வையுங்கள்.

கடிகாரம் வாங்கும் வரை வீட்டுக் கடிகாரத்தில் பழகலாம். அம்மம்மாவின் கையை மடியில் வைத்து, பெருவிரலின் பக்கத்து மணிக்கட்டுப் பள்ளத்தில் உங்கள் சுட்டுவிரல், நடுவிரல் நுனிகளை மெல்ல வையுங்கள். உங்கள் பெருவிரலால் பார்க்க வேண்டாம். அதிலுள்ள உங்கள் சொந்த நாடித் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காமல் 60 விநாடியும் முழுதாக எண்ணுங்கள்; முதியவரின் நாடி இடையில் ஒரு துடிப்பைத் தவறவிடுவதுண்டு, அது முழு நிமிடம் எண்ணினால்தான் தெரியவரும். எண்ணிக்கையையும் நேரத்தையும், துடிப்பு ஒழுங்காக இருந்ததா என்பதையும் ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதிவாருங்கள். பரிசுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுவந்து காட்டுங்கள்; நான் ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பேன்.